கணிப்பொறி வலையமைப்புத் துறை: தேவையான தகுதிகள் எவை?

சாலையும் மின்சாரமும் பாசனமும் நாட்டின் வளர்ச்சிக்கு அடிப்படையாக விளங்குவது போலவே, கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பும் இன்று ஓர் அடிப்படைக் கட்டுமானமாகிவிட்டது. ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, நிலப் பதிவேடு, ஓய்வூதியம், மாணவர் உதவித்தொகை ஆகிய அனைத்தும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன. எங்கோ ஓரிடத்தில் கம்பிவடம் அறுந்துபோனாலும், ஒரு கருவியில் தவறான கட்டளை இடப்பட்டாலும், பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தின் முன் காத்திருக்கும் மக்கள் வேலை முடியாமல் திரும்ப நேரிடுகிறது.

இந்த வலையமைப்பை நிறுவவும், பராமரிக்கவும், பாதுகாக்கவும் தகுதி வாய்ந்த பணியாளர்கள் பெருமளவில் தேவைப்படுகின்றனர். ஆனால் அத்தகுதிகள் எவை என்பதில் தெளிவு குறைவாகவே உள்ளது. பட்டம் பெற்றால் போதுமா, நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ் வேண்டுமா, ஐ.டி.ஐ. படித்தவருக்கு இங்கு இடமுண்டா என்னும் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே பல குடும்பங்கள் கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் செலுத்துகின்றன. வரிசை தவறிப் பெற்ற சான்றிதழ் வேலைக்கு உதவாமலே காலாவதியாகிவிடுவதும் உண்டு. மறுபுறம், பணியிடங்களுக்கு விதி வகுக்கும் அலுவலகங்களும் செய்ய வேண்டிய வேலைக்கும் கேட்கும் தகுதிக்கும் தொடர்பில்லாத நிபந்தனைகளை விதிப்பதைக் காண முடிகிறது.

இத்துறைக்குரிய தகுதிகளை மூன்றாகப் பிரித்து நோக்கினால் குழப்பம் பெருமளவு நீங்கும். முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதி. ஒருவர் ஒரு பணிக்கு விண்ணப்பிக்க உரிமையுடையவரா என்பதை அது தீர்மானிக்கிறது. இரண்டாவது, தொழில் நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ். இன்று வழக்கிலுள்ள கருவிகளைப் பற்றிய அறிவு அவருக்கு உண்டா என்பதை அது காட்டுகிறது. மூன்றாவது, செய்முறைத் திறன். நின்றுபோன இணைப்பை அவரால் மீண்டும் இயங்கச் செய்ய முடியுமா என்பதற்கு அதுவே விடை. இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஆகும். ஒன்றின் இடத்தை மற்றொன்றால் நிரப்ப இயலாது.

வலையமைப்பு வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் கணிப்பொறி வலையமைப்பு படிப்படியாக விரிவடைந்துள்ளது. தேசியத் தகவலியல் மையம் 1976-இல் நிறுவப்பட்டது. அம்மையம் உருவாக்கிய நிக்நெட் என்னும் வலையமைப்பு, 1980-களின் பிற்பகுதியில் துணைக்கோள் வாயிலாக மாவட்டத் தலைநகரங்களை இணைக்கத் தொடங்கியது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான எர்நெட் திட்டம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் தொடங்கப்பட்டது. மின்னணுத் துறையும், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் அதில் பங்கேற்றன.

ரயில்வேயில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985-86-இல் தில்லியில் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பிறகே ஓர் ஊரிலிருந்து நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றி இடம் பதிவு செய்ய இயன்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது.

அடுத்த பெரும் முயற்சி கிராமங்களை நோக்கியது. சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பிவடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு 2011-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இவ்விணைப்பு சென்றடைந்துள்ளது. இதனைச் செம்மைப்படுத்தி விரிவாக்கும் திருத்திய திட்டத்திற்கு 2023-இல் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. தொடக்கக் காலத்தில் வலையமைப்புப் பணி ஆராய்ச்சியாளர் சிலரின் பணியாக இருந்தது. பின்னர் பெருநகரங்களிலுள்ள பொறியாளர்களின் பணியாயிற்று. இன்று அது ஒவ்வொரு வட்டாரத்திலும் தேவைப்படும் பணியாகியுள்ளது. சாலை விரிவாக்கத்திற்காகக் குழி தோண்டும்போது அறுபடும் இழையை இணைப்பதற்குத் தலைநகரிலிருந்து பொறியாளர் வரும் வரை காத்திருக்க இயலாது. எனவே, தகுதி என்பதும் ஒரே அளவுகோலாக இல்லாமல் பல படிகளைக் கொண்டதாக அமைய வேண்டியுள்ளது.

பணிகளின் வகைகள்

வலையமைப்புத் துறையின் பணிகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை களப்பணி. கம்பிவடம் பதித்தல், இழைகளை இணைத்தல், கருவிகளைப் பொருத்துதல், பழுது நீக்குதல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை இயக்கப் பணி. கட்டுப்பாட்டு மையத்தில் இருந்துகொண்டு வலையமைப்பின் நிலையை இரவும் பகலும் கண்காணித்து, குறை ஏற்பட்டவுடன் அதன் இடத்தைக் கண்டறிந்து சீர்செய்வது இவர்களின் கடமை. மூன்றாம் வகை வடிவமைப்புப் பணி. ஓர் அலுவலகத்திற்கோ ஒரு மாநிலத்திற்கோ எத்தகைய வலையமைப்பு வேண்டும், எவ்வளவு திறன் வேண்டும், ஒரு பாதை அடைபட்டால் மாற்றுப் பாதை எது என்பதைத் திட்டமிடுவோர் இவர்கள். நான்காம் வகை பாதுகாப்புப் பணி. அத்துமீறி நுழைவோரைத் தடுப்பதும், நேர்ந்த ஊடுருவலை ஆராய்வதும் இதன்பாற்படும்.

முதல் வகைக்கு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் கல்வி பொருத்தமானது. இரண்டாம் வகைக்குப் பட்டயப் படிப்போ பட்டப்படிப்போ தேவைப்படுகிறது. மூன்றாம், நான்காம் வகைகளுக்குப் பட்டப்படிப்புடன் பல ஆண்டு அனுபவமும் வேண்டும். எனினும், களப்பணியில் தொடங்கியவர் வடிவமைப்பாளராக உயர்வதற்குத் தடை ஏதும் இல்லை. கம்பிவடத்தைத் தம் கையால் இணைத்த அனுபவம் வடிவமைப்பாளருக்குப் பெரும் பலமாகும்.

அடிப்படை அறிவு

எந்தப் படியில் நுழைவோரும் முதலில் பெற வேண்டியது அடிப்படைக் கோட்பாடுகளில் தெளிவு. கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையை ஏழு அடுக்குகளாகப் பகுத்து விளக்கும் மாதிரியைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1984-இல் வெளியிட்டது. கம்பி வழியே செல்லும் மின்துடிப்பு கீழடுக்கு. பயனர் திரையில் காணும் செய்தி மேலடுக்கு. இணையத்திற்கு அடிப்படையான டி.சி.பி., ஐ.பி. விதிமுறைகள் 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் நடைமுறைக்கு வந்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவையே வழக்கில் உள்ளன. கருவிகள் பலமுறை மாறிவிட்டன. கோட்பாடுகள் நிலைத்து நிற்கின்றன. அடிப்படையில் செலவிடும் காலம் வீணாவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது முகவரி பற்றிய அறிவு. வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் இம்முகவரி 32 இரும எண்களால் ஆனது. எனவே, மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே சாத்தியம். இவற்றுள் மையத் தொகுப்பில் எஞ்சியவை 2011 பிப்ரவரியில் முற்றிலும் வழங்கப்பட்டுவிட்டன. இப்பற்றாக்குறையைப் போக்கவே 128 இரும எண்களைக் கொண்ட புதிய முகவரி முறையான ஐ.பி. ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டது. அதற்கு மாறுவதற்கான செயல்திட்டத்தை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-இல் வெளியிட்டது. இன்று இம்முறையைப் பின்பற்றுவதில் உலகின் முன்னணி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆகவே, இரு முறைகளையும் அறிந்திருப்பது அவசியம்.

முகவரிகளைப் பங்கிடும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கல்லூரிக்கு 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி கிடைத்துள்ளது எனக் கொள்வோம். அங்கு நான்கு துறைகள் உள்ளன. தொகுதியை நான்கு சம பங்குகளாக்கினால் ஒவ்வொரு துறைக்கும் 64 முகவரிகள் வரும். ஆனால் ஒவ்வொரு பங்கிலும் முதல் முகவரி அப்பகுதியின் பெயராகவும், கடைசி முகவரி அனைவருக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பவும் ஒதுக்கப்படுகின்றன. எனவே, கருவிகளுக்குக் கிடைப்பவை 62 மட்டுமே. ஒரு துறையில் 63 கணிப்பொறிகள் இருந்தால் இத்திட்டம் பயன்படாது. இக்கணக்குக்குப் பத்தாம் வகுப்புக் கணிதமே போதுமானது. ஆயினும், நேர்முகத் தேர்வில் பலர் தடுமாறும் இடமும் இதுவே.

இயற்பியலின் அடிப்படையும் தேவை. முறுக்கிணைச் செப்புக் கம்பிவடத்தின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. அதற்கு மேற்பட்ட தொலைவுக்குக் கண்ணாடி இழையை நாட வேண்டும். இழை எங்கு அறுந்துள்ளது என்பதைக் கண்டறியும் கருவி, ஒளித்துடிப்பு ஒன்றை இழைக்குள் செலுத்தி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஒளி சென்று திரும்ப ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு ஆயிற்றெனில், அறுந்த இடம் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கணக்கிடலாம். இதனை அறிந்த தொழில்நுட்பர் நேரே அவ்விடத்திற்குச் செல்வார். அறியாதவர் வழி நெடுகத் தோண்டிக்கொண்டிருப்பார்.

கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சரளமாகப் பேச இயலாவிடினும், ஒரு கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவிற்கு ஆங்கிலப் பயிற்சி இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

கல்வியின் படிகள்

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிப்பொறி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு என்னும் ஓராண்டுப் பயிற்சி உள்ளது. தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புகளின் பராமரிப்பு என்பது இரண்டாண்டுப் பயிற்சி. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதற்கு, பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள் எதிர்பார்க்கின்றன. விரைவில் வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையில் உள்ளவருக்கு ஓராண்டுப் பயிற்சி உகந்தது. மேற்படிப்பையும் எண்ணத்தில் கொண்டவருக்கு இரண்டாண்டுப் பயிற்சியே ஏற்றது.

பாலிடெக்னிக் பட்டயப் படிப்பு மூன்றாண்டுகள் கொண்டது. கணிப்பொறிப் பொறியியல், மின்னணு மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் ஆகிய இரண்டும் இத்துறைக்கு உகந்தவை. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இவ்வாறு, பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. சென்ற மாணவரும் படிப்படியாகப் பொறியாளராக உயர வழி உள்ளது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கு நான்காண்டுப் பொறியியல் பட்டமும், பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் முதலிய படிப்புகளும் உள்ளன. எம்.சி.ஏ. படிப்பின் காலம் 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பள்ளி மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் பயின்றிருப்பது இதற்கு வேண்டப்படும். உயர்கல்வியையும் பொதுத்துறைப் பணியையும் நாடுவோர் எழுதும் கேட் தேர்வின் கணிப்பொறி அறிவியல் பாடத்திட்டத்தில் வலையமைப்பு ஒரு தனிப் பகுதியாகவே இடம்பெற்றுள்ளது.

கல்லூரியில் முழுநேரம் பயில இயலாதோருக்கு மற்றொரு பாதை உண்டு. மின்னணுத் துறையும் இந்தியக் கணிப்பொறிச் சங்கமும் இணைந்து 1990-இல் தொடங்கிய டோயக் திட்டத்தில் ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன. டோயக் சங்கம் 2011-இல் தேசிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. ஓ நிலையின் திருத்திய பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பக் கருவிகளுடன் வலையமைப்பின் அடிப்படைகளும் முதல் தாளிலேயே கற்பிக்கப்படுகின்றன. தேசியத் தகவலியல் மையம் 2023-இல் பி நிலை விஞ்ஞானி பணியிடங்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில், பொறியியல் பட்டத்துடன் டோயக் பி நிலையும் ஏற்கத்தக்க தகுதியாகக் குறிப்பிடப்பட்டது. பணியில் இருந்துகொண்டே படிப்போருக்கு இது ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

எந்தப் படிப்பில் சேரும் முன்பும் அது யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்பதை விசாரித்தறிதல் வேண்டும். தனியார் பயிற்சி நிலையம் வழங்கும் பட்டயம் என்னும் பெயரிட்ட தாள், அரசின் பணி நியமன விதிகளில் உள்ள பட்டயத்திற்கு ஈடாகாது.

நிறுவனச் சான்றிதழ்கள்

வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றன. சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ., ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜே.என்.சி.ஐ.ஏ., எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் ஆகியவை தொடக்க நிலைச் சான்றிதழ்கள். இவை ஒவ்வொன்றும் மூன்றாண்டுகளுக்கே செல்லும். பின்னர் மீண்டும் தேர்வெழுதியோ வேறு வகையிலோ புதுப்பிக்க வேண்டும்.

சி.சி.என்.ஏ. தேர்வுக்கு முன்தகுதி எதுவும் கட்டாயமில்லை. ஆனால் தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். இந்திய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல். தோற்றால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. அத்தேர்வின் பாடப் பகிர்வை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். வலையமைப்பின் அடிப்படைக்கு நூற்றுக்கு 20, இணைப்பு முறைகளுக்கு 20, ஐ.பி. வழிப்படுத்தலுக்கு 25, சேவைகளுக்கு 10, பாதுகாப்பின் அடிப்படைக்கு 15, தானியக்கத்திற்கு 10 என மதிப்பு பகிரப்பட்டுள்ளது. முதல் மூன்று பகுதிகள் மட்டுமே 65 விழுக்காடாகும். அவை பட்டயப் படிப்பிலும் பட்டப்படிப்பிலும் கற்பிக்கப்படும் பாடங்களே. வகுப்பில் அவற்றை முறையாகக் கற்றவர் தேர்வுக்கென அதிகம் செலவிட வேண்டியதில்லை.

உயர்நிலைச் சான்றிதழ்கள் வேறு வகையினவாகும். சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. தேர்வில் எழுத்துத் தேர்வுக்குப் பின் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு உண்டு. பல ஆண்டு அனுபவம் பெற்றவருக்கே அது உரியது. வேலையில் சேருமுன் இத்தகைய தேர்வுகளுக்குப் பெருந்தொகை செலவிடுவது விவேகமன்று. தொடக்க நிலைச் சான்றிதழைப் படிப்பின் கடைசி ஆண்டில் பெறுவதும், உயர்நிலைச் சான்றிதழ்களைப் பணியில் சேர்ந்தபின் இயன்றவரை நிறுவனத்தின் செலவிலேயே பெறுவதும் முறையான வரிசையாகும். முதலாண்டிலேயே பெற்ற சான்றிதழ், படிப்பு முடிந்து வேலை தேடும் வேளையில் காலாவதியாகும் நிலையை எட்டியிருக்கும்.

தேர்வு வினாக்களைக் களவாகத் திரட்டி விற்போரும் உள்ளனர். அவற்றை மனப்பாடம் செய்து பெறும் சான்றிதழ், முறைகேடு கண்டறியப்பட்டால் ரத்தாகும். கண்டறியப்படாவிடினும், பழுதடைந்த கருவியின் முன் நிற்கும்போது அச்சான்றிதழ் உதவிக்கு வராது.

செய்முறைத் திறன்

திறனைப் பெறுவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ரூட்டர், ஸ்விட்ச் ஆகியவற்றின் செயலைக் கணிப்பொறியிலேயே நிகழ்த்திக் காட்டும் பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3 முதலிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வலையமைப்பில் செல்லும் செய்திக் கட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளும் அவ்வாறே. பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் இயக்க அமைப்பை நிறுவினால் அதுவே சிறிய ஆய்வுக்கூடமாகிவிடும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் கீழ் வலையமைப்புப் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு.

செய்முறைத் திறனின் உயிர்நாடி, பழுதை முறையாகத் தேடும் பழக்கமாகும். ஓர் அலுவலகத்தில் குறிப்பிட்ட அரசு இணையதளம் திறக்கவில்லை எனில், அனுபவமற்றவர் உடனே கருவியை மாற்றச் சொல்வார். பயிற்சி பெற்றவரோ கீழிருந்து மேலாகத் தேடுவார். கருவிக்கு மின்சாரம் வருகிறதா, கம்பிவடம் சரியாகப் பொருந்தியுள்ளதா, கணிப்பொறிக்கு முகவரி கிடைத்துள்ளதா, அலுவலக ரூட்டரை எட்ட முடிகிறதா, வெளி இணைப்பு உள்ளதா, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை இயங்குகிறதா என ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்வார். கண்டதையும் செய்ததையும் நேரத்துடன் குறித்து வைப்பார். அடுத்த முறை அதே பழுது நேரும்போது, அக்குறிப்பு பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் வழிகாட்டும்.

இப்பழக்கத்தைப் பணியிடத்தில் பெறுவதற்கு 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் வழி செய்கிறது. உதவித்தொகையுடன் கிடைக்கும் இப்பயிற்சியை, படிப்பு முடித்தும் வேலை கிடைக்காத இளைஞர்கள் தயங்காமல் ஏற்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் கருவிகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டளையிடும் வேலையை நிரல்களே செய்யத் தொடங்கியுள்ளன. ஆகவே, பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் எளிய பயிற்சி பெறுவது நலம். ஒரே வகைக் கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுவதை மட்டுமே அறிந்தவரின் வேலை குறையக்கூடும். அக்கட்டளையின் விளைவை முன்கூட்டியே அறியும் திறனுடையவரின் தேவை குறையாது.

சட்ட அறிவும் பொறுப்புணர்வும்

வலையமைப்புப் பணியாளரின் கையில் பிறர் செய்திகளைக் காணும் வாய்ப்பும், ஒரு கட்டளையால் பல்லாயிரம் பேரின் வேலையை நிறுத்தும் ஆற்றலும் உள்ளன. 2021 அக்டோபர் 4-ஆம் நாளன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சேவைகள் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்ததே அதற்குக் காரணம். தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் குறை இருந்தது. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்களைக் கொண்ட நிறுவனத்திலேயே இவ்வாறு நேருமெனில், மாற்றம் செய்யுமுன் மற்றொருவரின் ஒப்புதல் பெறுவதும், பழைய நிலைக்குத் திரும்பும் வழியை ஆயத்தமாக வைத்திருப்பதும் எத்துணை அவசியம் என்பது புலனாகும்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணிப்பொறியிலோ வலையமைப்பிலோ நுழைவதைத் தடை செய்கிறது. இந்தியக் கணிப்பொறி அவசரநிலைச் செயற்குழு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணையின்படி, பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்தால் அதனை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். செயற்பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். கருவிகளின் கடிகாரங்களைக் குறிப்பிட்ட நேர வழங்கிகளுடன் ஒத்திசைக்கவும் வேண்டும். இவ்விதிகளை அறிந்திருப்பதும் இன்று தொழில் தகுதியின் ஒரு பகுதியே.

நியமன விதிகளை வகுப்போர் கவனத்திற்கு

அலுவலகங்கள் கருவிகளை வாங்குவதில் காட்டும் அக்கறையை, அவற்றைப் பராமரிப்போரின் தகுதியை வரையறுப்பதிலும் காட்டுதல் வேண்டும். இதில் நான்கு நெறிகள் பயன்தரும்.

முதலாவதாக, தகுதியானது வேலையிலிருந்து பிறக்க வேண்டும். கம்பிவடப் பராமரிப்புப் பணிக்குப் பொறியியல் பட்டம் கேட்பதால், அவ்வேலைக்கென்றே பயிற்சி பெற்ற ஐ.டி.ஐ. மாணவர் விலக்கப்படுகிறார். நியமனம் பெறும் பட்டதாரியோ வேறு வாய்ப்பு கிடைத்தவுடன் விலகிவிடுகிறார். பணியிடம் மீண்டும் காலியாகிறது.

இரண்டாவதாக, அங்கீகரிக்கப்பட்ட கல்வியை இன்றியமையாத தகுதியாகவும், நிறுவனச் சான்றிதழை விரும்பத்தக்க தகுதியாகவும் கொள்வதே பொருத்தம். காலாவதியாகும் சான்றிதழை நிலையான பணிக்குக் கட்டாயமாக்குவது முறையன்று. மேலும், ஒரு நிறுவனத்தின் சான்றிதழை மட்டும் குறிப்பிடுவது, நாளடைவில் அந்நிறுவனத்தின் கருவிகளையே வாங்கும் நிலைக்கு அலுவலகத்தைத் தள்ளக்கூடும்.

மூன்றாவதாக, இணையான தகுதி என்று பொதுப்படக் கூறி விட்டுவிடாமல், எவை இணையானவை என்பதை அறிவிப்பிலேயே தெளிவாகப் பட்டியலிட வேண்டும். இவ்வொரு சொல்லின் தெளிவின்மையால், தேர்வில் வெற்றி பெற்றவர் சான்றிதழ் சரிபார்ப்பின்போது நிராகரிக்கப்படுவதும் வழக்கு மன்றம் செல்வதும் தவிர்க்கப்படும்.

நான்காவதாக, செய்முறைத் தேர்வுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும். மத்திய அரசின் பி பிரிவு அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் சி பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு 2016 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. ஆனால் திறன் தேர்வு நடத்தத் தடையில்லை. அறுந்த இழை ஒன்றை இணைக்கச் சொல்வதும், பழுதான சிறு வலையமைப்பு ஒன்றைத் தந்து சீர்செய்யச் சொல்வதும், நூறு வினாக்களைவிடத் தெளிவாக ஒருவரின் தகுதியைக் காட்டிவிடும். பராமரிப்பை ஒப்பந்தத்திற்கு விடும்போதும், பணிக்கு அனுப்பப்படுவோரின் தகுதியை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுவது நல்லது.

முடிவுரை

வலையமைப்புத் துறையில் பல படிகள் உள்ளன. ஐ.டி.ஐ. பயின்ற இளைஞருக்கும் அதில் இடமுண்டு. முதுகலைப் பட்டதாரிக்கும் இடமுண்டு. முதலில் அடிப்படை, அதனுடன் அங்கீகரிக்கப்பட்ட கல்வி, இடைவிடாத செய்முறைப் பயிற்சி, உரிய காலத்தில் ஒரு சான்றிதழ் என்னும் வரிசையைப் பின்பற்றும் மாணவர் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்துவார். வேலைக்கேற்ற தகுதியை வரையறுக்கும் அலுவலகம் நிலைத்துப் பணியாற்றும் ஊழியரைப் பெறும்.

கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைப்பதற்கு நாடு பெருந்தொகையைச் செலவிட்டு வருகிறது. அம்முதலீட்டின் பயன், இழையைப் பதித்த நாளில் முற்றுப்பெறுவதில்லை. அது அறுந்த நாளில் அதனை மீண்டும் இணைக்கவல்ல பயிற்சி பெற்ற ஒருவர் அதே வட்டாரத்தில் இருந்தால்தான் அப்பயன் மக்களுக்குத் தொடர்ந்து கிட்டும். அத்தகையோரை உருவாக்குவதும், அவர்களுக்குரிய பணியிடத்தை ஏற்படுத்துவதும் வளர்ச்சிப் பணியின் பிரிக்க முடியாத பகுதியாகும்.